தேயிலை மலையில் இரண்டு நாள் நடை



ஸுபஹுத் தொழுதுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்ததும் நாம் முதலில் வைப்பது தேத்தண்ணிக்குத் தண்ணீர்தான். நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த பிறகு கை நீளுவதும் அதற்குத்தான். கல்யாண வீடானாலும் மையித்து வீடானாலும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்காமல் வந்தவரை அனுப்புவது நம் வழக்கமல்ல. அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "கடையிலிருந்து" என்பார்கள். பெரியவர்களான நமக்கும் அதற்கு மேல் எவ்வளவு தெரியும்? நுவரெலியாவுக்குப் பயணம் போகும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே மலை முழுதும் பச்சை. அதில் அங்கங்கே புள்ளிகளாகப் பெண்கள். பிள்ளைகள் கையசைப்பார்கள். வளைவில் பஸ் திரும்பிவிடும்.

அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர்களோடு பேசி, ஒரு சிறு காரியமும் செய்துவிட்டு வந்த இரண்டு நாள் நடையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். போன வழியைச் சொல்லுகிறேன். போன காரணத்தையும் சொல்லுகிறேன். படித்துவிட்டு உங்கள் ஊர்ச் சகோதரிகளோடு கலந்து பேசுங்கள்.

நடந்துதான் கொடுக்க வேண்டுமா?

2024 பெப்ரவரி, ஷஃபான் மாதம். நோன்பு வருவதற்கு முன் ஏதாவதொரு ஸதகாவைக் கூட்டாகச் செய்யலாமென்று எங்கள் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டோம். கண்டியைச் சுற்றிய ஊர்கள் எங்களுடையவை. பிறந்த நாள் முதல் ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். அந்த மலைக்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்கு ஏதாவது செய்வோம், கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு நடந்து போவோம் என்று ஆசிரியையான ஒரு தாத்தா யோசனை சொன்னார். வெளிநாடுகளில் இப்படி நடந்து தருமத்துக்குப் பணம் சேர்ப்பது சாதாரணம். நமக்குத்தான் புதிது.

வீட்டில் பெரியவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். எழுபது வயதைத் தாண்டிய எங்கள் மாமி தஸ்பீஹை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சல்லிய அனுப்பினாப் போதாதா மகள்? நடந்து பெய்த்துக் குடுத்தா நன்மை கூடவா?" நன்மையை எடை போடுவது அல்லாஹ்வின் வேலை. ஆனால் முகஸ்துதி வந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஆகையால் ஆரம்பத்திலேயே சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். பதாகை இல்லை. ஒரே நிற ரீசேர்ட் இல்லை. கொடுக்கிற இடத்தில் மேடையும் மாலையும் இல்லை. வான் கூலி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நடப்பவர்களின் கைச் செலவு. சேர்ந்த பணத்திலிருந்து ஒரு சதமும் அதற்கு எடுப்பதில்லை. ஸக்காத் பணத்தை இதில் கலப்பதில்லை. அதற்குரியவர்களும் சட்டங்களும் வேறு. ஸதகாவை எந்த மதத்தவருக்கும், தேவை எங்கிருக்கிறதோ அங்கே கொடுக்கலாம்.

மஹ்ரம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் பலர் முதலில் கேட்டார்கள். நடந்தவர்கள் 26 பெண்கள். எங்களில் ஐவரின் கணவன்மாரும் இருவரின் வளர்ந்த பிள்ளைகளும் முன்னும் பின்னுமாக வந்தார்கள். போன தூரம் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே என்பதால் தொழுகையைச் சுருக்க வேண்டியும் இருக்கவில்லை.

கணக்கு இதுதான். ஆளுக்குப் பத்துப் பேரிடம் வாக்கு வாங்க வேண்டும். ஒருவர் கிலோமீற்றருக்கு 50 ரூபா. 30 கிலோமீற்றருக்கு 1,500 ரூபா. பத்துப் பேர் சேர்ந்தால் 15,000. 26 பேருக்கும் 390,000 ரூபா. கடைசியில் சேர்ந்தது 412,000. சொன்னதைவிடக் கூடக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். உண்டியலை உடைத்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

எதற்குக் கொடுப்பது என்பதை நாங்கள் வீட்டிலிருந்து முடிவு செய்யவில்லை. ஒரு மாதம் முன்பே மூவர் அந்தத் தோட்டத்துக்குப் போய், கொழுந்து எடுக்கும் பெண்களிடமே கேட்டு வந்தோம். "பாடசாலைப் பை கொண்டு வரட்டுமா?" என்றதற்கு ஓர் அம்மா சிரித்தார். "பை வருசா வருசம் யாராச்சும் குடுக்குறாங்கம்மா. மேல் மலையில ஒரு கக்கூசு கட்டித் தர யாரும் கேக்கல." அவ்வளவுதான். பேச்சு அங்கேயே முடிந்தது.

ஹந்தானையிலிருந்து

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தின் முன்னால் ஒன்று சேர்ந்தோம். 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. நான்கு மாடி. நீண்ட காலம் பூட்டிக் கிடந்து, 2001 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருட்டு இயந்திரங்களும் அரிக்கும் இயந்திரங்களும் உள்ளே இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலே அரை நாள் பிரயோசனமாகக் கழியும்.

எங்கள் வழி புதிதாக வெட்டியதல்ல. ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டைச் சுற்றி வளைத்து நுவரெலியாவில் முடியும் "பீக்கோ ட்ரெயில்" என்ற நடைபாதை இப்போது இருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். பீக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கொழுந்தும் தூளும் போய்வந்த தோட்டத்துப் பாதைகளைத்தான் ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறார்கள். அதன் முதல் இரண்டு கட்டங்கள் ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கும், கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்கும் போகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர்.

முதல் ஒரு மணி நேரம் ஏற்றம். பைனஸ் மரங்களுக்கு நடுவே போகும்போது காலுக்குக் கீழே காய்ந்த ஊசி இலைகள் வழுக்கும். மேலே வந்து திரும்பிப் பார்த்தால் கண்டி நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது போலத் தெரிகிறது. தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். அதற்குப் பிறகு மானாப் புல் வெளி. அடுத்தது தேயிலை. ஒரு காலத்தில் தேயிலையாயிருந்து காடாகிப்போன இடங்களும் நடுவிலே உண்டு. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மரமாகவே நிற்கும் தேயிலையை அங்கேதான் பார்த்தேன். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலையும் மரந்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. இடுப்பளவில் நிறுத்தி வைப்பது மனிதனின் கத்தி.

வெயில் மாதமென்றாலும் ஓடைக்கரைகளில் அட்டை இருந்தது. சவர்க்காரத்தைக் காலில் பூசி, சொக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டு நடந்தோம். அபாயாவோடு நடக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் உயரத்தில், கீழே அகலமாகத் தைத்த அபாயா, உள்ளே தடித்த காற்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து. இவ்வளவும் போதும்.

கொழுந்து மடுவத்தில்

பகலுக்குப் பிறகு, கலஹாவுக்கு இப்பால் உள்ள அந்தத் தோட்டத்தின் மேல் மலைக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அது அங்குள்ள பெண்களின் விருப்பம்.

கொழுந்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இடுப்பிலே படங்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஈரமும் கம்பும் குத்தாமலிருக்க. தலையில் மாட்டிய கயிற்றில் கூடையோ பையோ முதுகில் தொங்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும். முற்றிய இலை சேர்ந்தால் மடுவத்தில் கழித்துவிடுவார்கள். ஒரே செடிக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதித்தால் கொழுந்து முற்றிவிடும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து, அரித்தெடுத்த பிறகு நம் வீட்டுப் போத்தலுக்கு வருவது அந்தக் கால்வாசியிலும் குறைந்த பங்குதான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். எடுத்தால் "முழுப் பேர்". குறைந்தால் "அரைப் பேர்", அதாவது அரைச் சம்பளம். கூட எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு. நாங்கள் போன நேரம் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021 இல் நிர்ணயித்தது. அதே 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆக உயர்த்தினார்கள். ஒரு வீட்டுக்குச் சீனியும் மாவும் பருப்பும் என்ன விலை போகிறது என்பது குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றரை மணிக்குக் கொழுந்து நிறுக்க எல்லோரும் மடுவத்துக்கு வந்தார்கள். எங்களில் ஓர் இளம் சகோதரி தொலைபேசியை உயர்த்தினாள். கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "எங்களப் படம் புடிக்காதவுங்க யாரும்மா இருக்காங்க? வெள்ளக்காரங்க புடிக்கிறாங்க, டீவிக்காரங்க புடிக்கிறாங்க. ஒரு படமாச்சும் எங்க கைக்கு வந்ததில்ல." அந்தச் சகோதரி தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். பிறகு அவர்களாகவே, "சரி எடும்மா, ஆனா கொண்டாந்து குடு" என்றார்கள். சித்திரை மாதம் அவள் தன் வாப்பாவோடு போய், அச்சிட்ட படங்களை வீடு வீடாகக் கொடுத்து வந்தாள்.

அங்கே உட்கார்ந்து பேசியதில் மனதைத் தைத்தது ஒன்று. காலை ஏழு மணிக்குப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலை ஏறினால், இறங்கும் வரை ஒதுங்க இடமில்லை. லயத்துக்குப் போய்வர நேரமில்லை. போனால் கிலோ குறையும். ஆகையால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் எட்டு மணி நேர வேலை, தண்ணீர் இல்லாமல். சலக்கடுப்பு வராத பெண்ணே அங்கே இல்லை. மாத நாட்களைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒதுங்கினால் அட்டை. மேற்பாதையில் ஆண்கள் போவார்கள்.

சகோதரிகளே, அன்று காலையிலிருந்து நாங்களும் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் இடமிருக்காது என்று, யாரும் சொல்லாமலே 26 பேரும் வாயை நனைத்ததோடு நிறுத்தியிருந்தோம். பின்னேரமாகும்போது தலையிடி. இரண்டு பேருக்கு மயக்கம் வரும்போலிருந்தது. எங்களுக்கு அது ஒரு நாள். பேசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு முப்பத்திரண்டு வருடம். தூய்மைக்கு நம் மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குக் கால் கழுவக் கற்றுக்கொடுப்பதிலிருந்து வுளூ வரை நாம் தண்ணீரோடுதான் வாழ்கிறோம். அந்த மலையில் கை கழுவ வேண்டுமென்றாலும் முந்நூறு படி இறங்கிப் பீலிக்குப் போக வேண்டும். அஸருக்கு வுளூச் செய்ய நாங்கள் அந்தப் படிகளில் இறங்கி ஏறினோம். மேலே வந்தபோது ஒருவரும் பேசவில்லை, மூச்சு வாங்கியது.

மடுவத்துக்கு மேலே தள்ளி ஓர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து 600 மீற்றர் குழாய் இழுத்தால் தண்ணீர் தானாகவே இறங்கும். மோட்டார் வேண்டாம், மின்சாரக் கட்டணம் வராது. 1,000 லீற்றர் தாங்கி ஒன்று, இரண்டு மலசலகூடங்கள், வெளியே கை கழுவும் பீலி ஒன்று. இதுதான் திட்டம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானதால் முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். குழி வெட்டுவதைத் தோட்டத்து இளைஞர்கள் தாங்களே செய்வதாக ஏற்றுக்கொண்டார்கள். "நீங்க காசு குடுக்கிறீங்க, நாங்க கை குடுக்கிறோம்" என்றார்கள். துப்புரவை வாரத்துக்கு ஒரு குழுவாகப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள், திறப்பு அவர்களிடம். பணத்தை எவர் கையிலும் வைக்காமல் சாமான் கடைக்கும் மேசனுக்கும் நேராகக் கட்டினோம். பற்றுச்சீட்டின் பிரதிகளை வாக்குக் கொடுத்த 260 பேருக்கும் அனுப்பினோம்.

தெல்தோட்டையில் ஒரு இரவு

அன்றிரவு தெல்தோட்டையில் முஸ்லிம் குடும்பங்கள் எங்களைப் பங்கிட்டுக்கொண்டன. முன்பின் தெரியாத 26 பெண்களுக்குச் சுடுதண்ணீரும் சோறும் தந்து, காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

நான் தங்கிய வீட்டு உம்மும்மா பழைய காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பாவுக்கு அந்தக் காலத்தில் பலசரக்குக் கடை. தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடன் கொப்பி. மாதம் முழுவதும் அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில் ஏறும். சம்பள நாள் பின்னேரம் கடை நிறைந்துவிடும். "அந்தச் சல்லியிலதான் மகள் எனக்குத் தோடு போட்டாங்க. என்ட கல்யாணமும் அந்தச் சல்லியிலதான்" என்றார்.

இதைக் கேட்டபோது என் நினைவெல்லாம் எங்கோ போனது. கண்டி, மாத்தளை, பதுளை, ஹற்றன், கம்பளை என்று மலைநாட்டு நகரங்களில் கடை வைத்த நம்மவர் எத்தனை பேர்! அதற்கும் முன்னால், கண்டி மன்னர்களின் காலத்தில், பொதி மாடுகளில் தவளம் கட்டி, உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கிய நம் மூதாதையர் நடந்தது இதே மலைகளில்தான். அந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவுக்கு "மடிகே" என்று பெயர்; முஸ்லிம்கள் அதில் முக்கிய பங்கு வகித்தார்கள். ஆக, நடை நமக்குப் புதிதல்ல. இந்த மக்களும் நமக்கு அந்நியரல்லர். அவர்கள் கூலியிலிருந்து ஒரு பங்கு நம் வீட்டு அடுப்புக்கும் வந்திருக்கிறது. இதை நினைத்தால், கொடுக்கிறோம் என்ற பெருமை கொஞ்சம் அடங்கும்.

அவர்களும் நடந்து வந்தவர்கள்தான். முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1820 களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துக் கப்பலேற்றியது. மிஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையாகப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003 இல்தான் வந்தது. வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தொடங்கித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்களும் அவர்களோடு சேர்ந்தோரும் திரும்ப ஒரு முறை நடந்தார்கள். உரிமை கேட்டு நடந்த அந்த நடைக்கு முன்னால் எங்கள் 30 கிலோமீற்றர் எம்மாத்திரம்!

லூல்கந்துர

ஞாயிறு காலை மறுபடியும் நடை. அன்று மலையில் வேலையில்லை. லயத்து வாசல்களில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டும் இருந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஒரு குடும்பம். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். வாசலில் ஒரு தகரத்தில் ரோஜாச் செடி. கூப்பிடாத வீடில்லை: "வாங்கம்மா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க." இரண்டு வீடுகளில் உட்கார்ந்தோம். தோட்டத்துக்காரர் குடிப்பது நாம் ஏற்றுமதித் தேயிலை என்று நினைக்கிற தூள் அல்ல. அரித்த பின் மிஞ்சும் தூள்தான். இஞ்சி தட்டிப் போட்டு, சுடச்சுடக் கொடுத்தார்கள்.

லூல்கந்துர என்றால் சிங்களத்தில் விரால் மீன் ஓடை. இலங்கையின் தேயிலைக் கதை இங்கேதான் தொடங்கியது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852 இல் இளைஞனாக வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் இந்தத் தோட்டத்தின் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழுந்தைத் தன் பங்களா விறாந்தையில் மேசை மேல் கையால் உருட்டி, கரியடுப்பில் காய வைத்தார்கள். 1869 இல் கோப்பிச் செடியில் துரு நோய் தென்பட்டது. அடுத்து வந்த வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கோப்பி போன இடத்தைத் தேயிலை பிடித்தது. 1873 இல் லண்டனுக்கு அனுப்பிய தேயிலை வெறும் 23 இறாத்தல்.

டெய்லரின் குடிசையிருந்த இடத்தில் அடுப்பின் கல் எச்சம் நிற்கிறது. அவர் உட்கார்ந்து பார்ப்பாராம் என்று ஒரு கல் ஆசனமும் மேலே உண்டு. அங்கிருந்து பார்த்தால் மலைக்கு மேல் மலையாகப் போய்க்கொண்டேயிருக்கிறது. 1892 இல் அவர் இறந்தபோது, பாரமான அந்த உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் முறை மாற்றித் தோளில் சுமந்து, கண்டி மஹியாவ மயானம் வரை நடந்தே கொண்டுபோனார்கள் என்று சொல்லுவார்கள். நாங்கள் வந்தது அதற்கு எதிர்த் திசையில். டெய்லருக்குக் கல்லறை இருக்கிறது, சிலை இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. அவரைச் சுமந்தவர்களின் பெயர்களை அந்த மலையில் எங்கும் நான் காணவில்லை.

ளுஹரை ஓரமாக ஒரு புல்வெளியில் தொழுதோம். வான் கீழே காத்திருந்தது. இறங்கும்போது முழங்கால்கள் நடுங்கின. யாருடைய முகத்திலும் முறைப்பாடு இல்லை.

பிறகு நடந்தது

அந்த இரண்டு மலசலகூடங்களும் 2024 ஆனி மாதம் வேலை முடிந்தன. திறப்பு விழா வைக்கவில்லை. தண்ணீர் வந்த அன்று ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது: "அம்மா, தண்ணி வந்திருச்சு. இன்னிக்கு நான் ரெண்டு போத்தல் குடிச்சேன்." மாமியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை எப்போது போகிறோம் என்று கேட்டார்; தானும் வாக்குத் தருவதாகச் சொல்லி 50 ரூபாவை 100 ஆக்கினார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உடைத்துப் போட்டது உங்களுக்குத் தெரியும். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் குழாயும் ஊற்றுக்குப் பக்கத்தில் ஐம்பது மீற்றர் அளவு அடித்துச் செல்லப்பட்டது. கட்டடம் நின்றது. நாங்கள் பணம் திரட்டப் பேசத் தொடங்கும் முன்பே, தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கு நூறு ரூபா சேர்த்துக் குழாய் வாங்கி, இளைஞர்களைக் கொண்டு மூன்றாம் வாரமே பூட்டிவிட்டார்கள். அது அவர்களுடையதாகிவிட்டது என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

போக விரும்புவோருக்கு

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கத்தில் மழை குறைவு. மண்சரிவுக்குப் பிறகு பல பாதைகள் மாறியிருக்கலாம்; கிராம சேவகரிடமோ தோட்டத்து அலுவலகத்திலோ விசாரிக்காமல் போகாதீர்கள். ஊர் தெரிந்த வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முந்திய ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். பேரீச்சம்பழம், கடலை, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கையிலிருக்கட்டும். அட்டைக்குச் சவர்க்காரம். மழைச்சட்டை எந்த மாதமானாலும் வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். படம் எடுத்தால் கேட்டு எடுங்கள், அச்சிட்டுக் கொடுங்கள்.

மலைக்கு வர முடியாத சகோதரிகளும் இருப்பீர்கள். புத்தளத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் உப்பளம் இருக்கிறது. கிழக்கில் இருப்பவருக்கு வயலும் கடற்கரையும். தெற்கில் இருப்பவருக்குக் கறுவாத் தோட்டம். அங்கெல்லாம் வெயிலில் வேலை செய்யும் பெண்கள் எங்கே ஒதுங்குகிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று ஒரு நாள் நடந்து போய்க் கேட்டு வாருங்கள். கேட்ட பிறகு என்ன செய்யலாமென்று உங்களுக்கே விளங்கும். இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் ஷஃபானுக்கு முன் எங்கள் குழு அடுத்த மலைக்குப் போய்க் கேட்டு வர இருக்கிறது.